பால் கரைக்கிற ஆள்

எனக்கு எழுத வராது. அதை முதலே சொல்லிவைக்கிறேன். பள்ளிக்கூடத்து விழா மலருக்குப் பழைய ஆட்களிடம் ஏதாவது எழுதி வாங்கச் சொன்னார்களாம். மகள் ஒரு கொப்பியையும் பேனையையும் மேசையில் வைத்துவிட்டு, "ஞாபகம் வாறதை எழுதுங்கோ அம்மா, பிழை திருத்துறது அவையின்ர பாடு" என்று சொல்லிப்போட்டுப் போய்விட்டாள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அந்தக் காலம் எங்கள் பள்ளிக்கூடம் அந்த வகுப்போடு முடிந்துவிடும். மேலே படிக்க வேண்டுமென்றால் தீவை விட்டுப் படகேறி ஊர்காவற்துறைப் பக்கம் போகவேண்டும். பெட்டைப்பிள்ளையைப் படகில் விட வீட்டில் ஒருவருக்கும் மனம் வரவில்லை. ஆகையால் ஒரு வசனத்தை எங்கே நிற்பாட்டுவது என்று எனக்கு இன்றைக்கும் நிச்சயமில்லை. நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்கவும் கூச்சம். இப்போது மறதி வேறு. குறை பிடிக்காமல் வாசியுங்கள்.

பெரிய ஆட்களைப் பற்றி மற்றவர்கள் எழுதுவார்கள். நான் எழுதப்போவது என் சின்னம்மாவைப் பற்றி. அவவின் படம் பள்ளிக்கூடத்தில் எங்கேயும் இல்லை.

இதை எழுத வைத்ததும் மகள்தான். என் கடைசி மகள் அதே பள்ளிக்கூடத்தில் தொண்டர் ஆசிரியை. தொண்டர் என்றால் சம்பளப் பட்டியலில் பேர் இல்லாதவர் என்று பொருள். சின்ன வகுப்பில் ஒரு பொடியன் இருக்கிறான். பேச்சு வரவில்லை, ஓரிடத்தில் இருக்கமாட்டான். அவனுக்குப் பக்கத்தில் இருந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டிருப்பதுதான் அவளுடைய வேலை. முதலில் படிப்புக் காணாது என்றார்கள். உயர்தரப் பரீட்சைக்கு மேலே இரண்டு பயிற்சி படித்து முடித்தாள். முடித்துக்கொண்டு போய் நின்றபோது வயது கூடிவிட்டது என்றார்கள். போன கிழமை மேலிடத்திலிருந்து பார்வையிட வந்தார்களாம். அதிபர் இவளைக் கூப்பிட்டு, "இண்டைக்கு மட்டும் நூலகத்துக்குள்ள இருங்கோ ரீச்சர், அவை போனாப்பிறகு வரலாம்" என்றாராம். இதை அவள் பகிடியாகத்தான் சொன்னாள். சொல்லிச் சிரித்துக்கொண்டே சோறு போட்டுச் சாப்பிட்டாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இண்டைக்கு மட்டும் என்ற சொல்லை நான் முன்னமே கேட்டிருக்கிறேன்.

சின்னம்மா எங்கள் அம்மாவின் தங்கச்சி. கல்யாணம் முடித்த வருசமே சித்தப்பா கண்டிப் பக்கம் சுருட்டுக்கடைக்குப் போனவர். வருசத்துக்கு ஒருக்கால் வந்தார், பிறகு கடிதம் மட்டும் வந்தது, பிறகு அதுவும் நின்றது. அங்கே அவருக்கு வேறு குடும்பம் இருப்பதாக ஊர் கதைத்தது. எங்கள் வீட்டில் அதைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. சின்னம்மா தன் தகரப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்து, அடுக்களைக்குப் பக்கத்து அறையில் இருந்துகொண்டா. பிள்ளை இல்லை. அவவும் ஐந்தாம் வகுப்பு.

எங்கள் பள்ளிக்கூடத்துக்குத் தலைமை வாத்தியார் எங்கள் பெரியப்பாதான், அப்பாவின் தமையன். வீட்டுப் படலைக்கு இந்தப் பக்கம் பெரியப்பா, அந்தப் பக்கம் வாத்தியார். மறந்துபோய்ப் பள்ளிக்கூடத்தில் பெரியப்பா என்று கூப்பிட்டால் குட்டு விழும். அவருக்குக் கீழே இருந்த வாத்திமார் அக்கரை ஆட்கள். கடல் கொந்தளித்தால் வரமாட்டார்கள். கொந்தளிக்காவிட்டாலும் சிலவேளை வரமாட்டார்கள். அரிவரி வகுப்பை மேய்க்க ஆள் இல்லை. அரிவரி என்றால் இப்போதைய பிள்ளைகளுக்கு விளங்குமோ தெரியாது, ஏடு தொடக்கி முதன்முதல் கொண்டுவந்து விடுகிற வகுப்பு. அழுவதும், ஒன்றுக்கிருப்பதும், வீட்டை ஓடுவதுமாக இருக்கும். பெரியப்பா ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்து, "சும்மாதானே இருக்கிறீர், வந்து அதுகளை ஒருக்காப் பாருமன்" என்றார். சின்னம்மா அன்றைக்கே போனா.

அந்தக் காலம் அரிவரிக்குக் கொப்பி பென்சில் இல்லை. நிலத்தில் மணல் பரவி விரலால் எழுதுவதுதான். சின்னம்மா வந்த பிறகு அந்த மணலைக் கடற்கரையில் தானே அள்ளிவந்து, அரித்து, சிப்பி பொறுக்கிப் போடுவா. பிள்ளைகள் சுவரைப் பார்த்து வரிசையாக இருப்பார்கள். சின்னம்மா அவர்களுக்கு முன்னால் நிற்கவேமாட்டா, பின்னால்தான். குந்தியபடியே ஒவ்வொரு பிள்ளைக்கும் பின்னால் வந்து, தோளுக்கு மேலால் கையை நீட்டி, பிள்ளையின் சுட்டுவிரலைப் பிடித்து ஆனா எழுதுவிப்பா. அது முடிய அடுத்த பிள்ளை. அவ வருவதற்குள் கை உளைந்தாலும் பிள்ளைகள் விரலைத் தோளுக்குப் பின்னால் நீட்டி வைத்துக்கொண்டு காத்துக்கொண்டிருப்பார்கள். திரும்பிப் பார்க்கமாட்டார்கள். விரலில் கை பட்டால் சின்னம்மா வந்துவிட்டா என்று அர்த்தம். மூக்குத் துடைப்பது, பேன் பார்ப்பது, வெளியே கூட்டிப்போவது எல்லாம் இதற்கிடையில் நடக்கும்.

ஊரில் சிலர் ரீச்சரம்மா என்று கூப்பிடத் தொடங்கினார்கள். அதில் பாதி மரியாதை, பாதி நக்கல். நன்னீர்க் கிணற்றடியில் ஒருநாள், எங்களுக்கு இரண்டு வளவு தள்ளி இருந்த ஒரு மாமி, "ரீச்சரம்மா வாறா, வழியை விடுங்கோ. என்ன சோதினை பாஸ் பண்ணினவ எண்டு மட்டும் ஒருத்தருக்கும் தெரியாது" என்றா. சின்னம்மா குடத்தை இறக்கி வைத்துவிட்டு முந்தானையை விரித்துக் காட்டினா. "இஞ்ச பாருங்கோ அக்கா, உங்கட மோன் காலமை மூக்குச் சிந்தின இடம். இதுதான் என்ர சேட்டிபிக்கற்." கிணற்றடி முழுக்கச் சிரித்தது. அந்த மாமியும் சிரித்தா.

ஆனால் வீட்டில் சின்னம்மா அப்படிப் பகிடி விடுவதில்லை. பெரியப்பா அவவுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். "வித்தியாதரிசி ஐயா வரட்டும். வகுப்பைக் கண்ணால பார்த்தாரெண்டால் நான் சொல்லுறன். உதவி ஆள் எண்டு ஒரு இடம் எழுதிப் போடலாம்" என்று. பள்ளிக்கூடங்களைப் பார்வையிட வருகிறவரை அப்போது வித்தியாதரிசி என்போம். அவர் எங்கள் தீவுக்கு வருவது நல்ல மழை வருவதைப் போல. சின்னம்மா அந்த வாக்கைப் பிடித்துக்கொண்டு இருந்தா. யாராவது வந்து, "நீர் அவரின்ர பெஞ்சாதியல்லோ" என்று சித்தப்பாவின் பேரைச் சொல்லி விசாரித்தால், "நான் பள்ளிக்கூடத்தில படிப்பிக்கிறன்" என்றுதான் பதில் சொல்லுவா. கேட்டது ஒன்று, சொல்வது வேறொன்று என்று நான் நினைப்பேன்.

நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோதுதான் வித்தியாதரிசி வந்தார். என் தம்பி அந்த வருசம் அரிவரி. தென்மேற்கிலிருந்து சோழகக் காற்று வீசுகிற காலம். வரும் நாள் முன்னமே தெரிந்திருந்தபடியால் பள்ளிக்கூடம் முழுக்க மெழுகி, மாவிலை கட்டி, எங்களுக்கெல்லாம் நகம் வெட்டி வைத்திருந்தார்கள். சின்னம்மா நீலக்கரை போட்ட வெள்ளைச் சீலையைக் கஞ்சி போட்டு, மடித்துப் பாய்க்குக் கீழே வைத்துப் படுத்து எழும்பினா. காலமை அதை உடுத்திக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் நின்றதை நான் பார்த்தேன். "எப்படி இருக்கு?" என்று என்னைக் கேட்டா. நான் வெட்கத்தில் தலையைத்தான் ஆட்டினேன்.

அந்த நேரம்தான் பெரியப்பா படலையில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"இண்டைக்கு மட்டும் நீர் குசினிப் பக்கம் நில்லும்" என்றார். "படிச்சுப் பாஸ் பண்ணாத ஆக்களை வகுப்புக்குள்ள விடக்கூடாதெண்டு இப்ப கட்டளை வந்திருக்கு. கண்டாரெண்டால் எனக்குத்தான் வில்லங்கம். புதுசா வந்த நாரந்தனை ரீச்சர் அரிவரியைப் பார்ப்பா. பால் கரைக்கிறதுக்கும் ஆள் இல்லை."

சின்னம்மா சீலை மடிப்பை ஒருமுறை நீவிவிட்டா. பிறகு, "ஓம் பெரியத்தான்" என்றா.

"அவர் போனாப்பிறகு நான் ஆறுதலாக் கதைச்சுப் பார்க்கிறன்."

"ஓம்."

சீலையை மாற்றாமலே போனா. கஞ்சி போட்ட வெள்ளைச் சீலையோடு ஏன் அடுப்படிக்குப் போகிறா என்று அம்மா மட்டும் முணுமுணுத்தா.

எங்கள் பள்ளிக்கூடம் அப்போது அரைச்சுவர் வைத்த ஒரே நீளமான மண்டபம். வகுப்புகளுக்கு நடுவில் மறைப்பு இல்லை. அரிவரி கடைசி மூலையில். அதற்கு அடுத்தது எங்கள் வகுப்பு. அரிவரிக்குப் பக்கத்தில் ஒரு கதவு, கதவுக்கு அந்தப் பக்கம் குசினி. அங்கே பெரிய கிடாரத்தில் பால்மாவைக் கரைத்துக் காய்ச்சி, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பணிசோடு, அதாவது பன்னோடு, கொடுப்பார்கள். பனைமட்டைப் புகை எப்போதும் எங்கள் வகுப்புக்குள் வரும்.

வித்தியாதரிசி ஐயா வந்து இறங்கியபோது பாதி செத்துப்போய் வந்தார். படகு எழுவைதீவுக்கும் போய்த்தான் எங்களிடம் வரும். கடல் அவரைக் குலுக்கி எடுத்துவிட்டது. வேட்டி நனைந்து காலோடு ஒட்டியிருந்தது. தேசிக்காய் பிழிந்து தண்ணி கொடுத்துக் கதிரையில் இருத்தினார்கள். மெலிந்த மனிசன், நல்ல மனிசன்தான், எங்களைப் பார்த்து ஒருமுறை சிரிக்கவும் செய்தார். மேல் வகுப்புகளில் கணக்குக் கேட்டார். எங்கள் வகுப்பில் ஒரு பாட்டுச் சொல்லச் சொன்னார். என்னைக் கேட்கவில்லை, கடவுள் காப்பாற்றினார். பிறகு அரிவரிக்குப் போனார்.

நாரந்தனை ரீச்சர் அக்கரையில் நாரந்தனை ஊர் இளம்பெட்டை, பயிற்சி முடித்து வந்து கொஞ்ச நாள்தான். அவ பிள்ளைகளுக்கு முன்னால் நின்றா. மணல் பரவி இருந்தது. ஐயா குனிந்து, "எங்கை, எல்லாரும் ஆனா எழுதுங்கோ பாப்பம்" என்றார்.

அரிவரிப் பிள்ளைகள் முழுப்பேரும் சுட்டுவிரலைத் தோளுக்குப் பின்னால் நீட்டினார்கள். நீட்டிக்கொண்டு, அசையாமல், முன்னால் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

ஐயா பொறுத்துப் பார்த்தார். "என்ன, ஆகாயத்திலையோ எழுதப் போறியள்?" என்றார். எங்கள் வகுப்பில் ஒருத்தன் களுக்கென்று சிரித்தான். நாரந்தனை ரீச்சருக்கு முகம் சிவந்துபோய், "எழுதுங்கோ பிள்ளையள், மணலில எழுதுங்கோ" என்றா. விரல்கள் அப்படியே நின்றன. ஒரு பிள்ளை அழ ஆயத்தமாக உதட்டைப் பிதுக்கியது.

அப்போது என் தம்பி எழும்பினான். விரலை மடக்கவில்லை. நெருப்புக் கொள்ளியைக் கொண்டுபோவது போல அதை நீட்டிப் பிடித்துக்கொண்டு, ஐயாவின் நனைந்த வேட்டியைச் சுற்றி நடந்து, குசினிக் கதவுக்குள் போனான். அவனுக்குப் பின்னால் இன்னொன்று எழும்பியது. பிறகு எல்லாம் எழும்பின. கோயிலில் விபூதி வாங்கப் போகிற வரிசை மாதிரி, விரலை நீட்டிக்கொண்டு ஒன்றன் பின் ஒன்றாகக் குசினிக்குள் போயின. மணல் காலியாகிவிட்டது.

ஐயா பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா மாவிலையைப் பார்த்தார். ஐயா குசினிப் பக்கம் போனார். பெரியப்பாவும் பின்னால் போனார். இரண்டு பேரின் முதுகும் கதவை அடைத்தபடியால் எனக்கு உள்ளே ஒன்றும் தெரியவில்லை. கேட்கத்தான் கேட்டது. மண்டபம் அப்படி அடங்கிக் கிடந்தது.

"நீர் ஆர்?"

அகப்பை கிடாரத்தில் முட்டுகிற சத்தம் அதுவரை கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்றது. பெரியப்பா இப்போது வாய் திறப்பார் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வாக்குக் கொடுத்தவர் அல்லவோ. ஐயா கண்ணால் பார்த்துவிட்டார், இனிச் சொல்லுவதுதானே பாக்கி என்றுதான் நினைத்தேன்.

"நான் பால் கரைக்கிற ஆள், ஐயா" என்று சின்னம்மாவின் குரல் வந்தது.

"இந்தப் பிள்ளையள் ஏன் உம்மட்டை ஓடி வருதுகள்?"

"பசி போல, ஐயா."

"கையை எல்லே நீட்டிக்கொண்டு நிக்குதுகள்."

"பணிசுக்கு ஐயா. நான்தான் குடுக்கிறனான்."

"நீர் என்ன படிச்சனீர்?"

"பால் கரைக்கிறதுக்கும் படிப்பு வேணுமோ, ஐயா?"

ஐயா பெரிதாகச் சிரித்தார். அவர் சிரித்த பிறகு பெரியப்பாவும் சிரித்தார். அந்த இரண்டாவது சிரிப்பு எனக்கு இன்றைக்கும் கேட்கிறது. "கெட்டிக்காரி. நல்ல ஆள். வைச்சிருங்கோ" என்று ஐயா பெரியப்பாவிடம் சொன்னார். பிறகு திரும்பி வந்து, நாரந்தனை ரீச்சரைப் பார்த்து, பிள்ளைகளுக்கு ஆனா தானாக எழுத வராவிட்டால் இவ்வளவு நாளும் என்ன படிப்பித்தீர் என்று கேட்டார். அந்தப் பெட்டை அரைச்சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதா. அவவில் என்ன பிழை, அவ அன்றைக்குத்தான் அந்த வகுப்புக்கு வந்தவ. அதையும் ஒருவரும் சொல்லவில்லை.

அன்றைக்குக் கொடுத்த பால் அடிப்பிடித்திருந்தது. கருகல் மணம். நாங்கள் மூக்கைச் சுளித்துக்கொண்டு குடித்தோம். பெரியப்பா ஒரு பெரிய கோப்பை நிறைய வாங்கிக் கடைசிவரைக்கும் குடித்தார்.

பின்னேரம் நான் வீட்டுக்கு ஓடித்தான் வந்தேன். சின்னம்மா கிணற்றடியில் சீலைக்கரையில் பட்ட கரியைத் தேய்த்துக்கொண்டிருந்தா. எனக்கு வாயெல்லாம் சந்தோசம். "சின்னம்மா, ஐயா உங்களை நல்ல ஆள் எண்டவர். வைச்சிருக்கச் சொன்னவர். நான் கேட்டனான். உங்களுக்கு வேலை கிடைச்சிட்டுது" என்றேன். அவ தேய்க்கிறதை விடவில்லை.

"ஓம் குஞ்சு" என்றா. "கிடைச்சிட்டுது."

பெரியப்பா வாக்குத் தவறவில்லை, ஒரு வகையில். சின்னம்மாவை வைத்திருந்தார். குசினியில். பார்வைக்கு வந்தவர் பால் கரைக்கிற ஆள் என்று அறிந்துகொண்ட பிறகு, அவவை எப்படி மறுபடி மணலுக்குப் பின்னால் குந்தவைப்பது? அடுத்த முறை வந்து கண்டால்? அதனால் அந்த "இண்டைக்கு மட்டும்" முடியவேயில்லை. பெரியப்பா பயந்தவர்தான். கெட்டவர் என்று எழுதமாட்டேன். அவருக்கும் ஐந்து பிள்ளைகள்.

பிள்ளைகளோ, சின்னம்மா இல்லாமலே எழுதப் பழகிவிட்டார்கள். நாரந்தனை ரீச்சர் முன்னால் நின்று கரும்பலகையில் எழுதிக் காட்டினா, பிள்ளைகள் பார்த்து எழுதினார்கள். முதலில் கோணலாக, பிறகு நேராக. ஐயா கேட்டதிலும் நியாயம் இருந்திருக்கிறது. சின்னம்மா இன்னும் கொஞ்ச நாள் பிடித்திருந்தால் பிறகு தானாக விட்டிருப்பாவோ, இல்லை பிடித்துக்கொண்டே இருந்திருப்பாவோ, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. குசினிக் கதவில் சாய்ந்து நின்று அவ பார்த்துக்கொண்டிருப்பதை நான் என் இடத்திலிருந்து காண்பேன்.

ஒரு முறை புதிதாக வந்த சின்னப் பெட்டை ஒன்று, யாரிடம் பழகியதோ, பால் வாங்கப் போன இடத்தில் சின்னம்மாவுக்கு முதுகு காட்டி நின்றுகொண்டு விரலைத் தோளுக்குப் பின்னால் நீட்டியது. சின்னம்மா அந்த விரலைப் பார்த்தா. பிறகு அதன் கையைத் திருப்பி, விரலை விரித்து, பால் கோப்பையை வைத்துவிட்டா.

பால் கொடுப்பது நிற்கிற வரைக்கும் அவ அந்தக் கிடாரத்தோடு இருந்தா. பிறகு வீட்டோடு. யாராவது சித்தப்பாவின் பேரைச் சொல்லி விசாரித்தால், "ஓம், அவரின்ர பெஞ்சாதிதான்" என்று சொல்லத் தொடங்கினா. எனக்கு அந்த வயதில் அதில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. உண்மையைத்தானே சொல்லுகிறா என்று நினைத்தேன். சண்டைக் காலத்தில் இடம்பெயர்ந்து போன ஊரில் சின்னம்மா மோசம் போய்க் கண்ணை மூடினா. சொந்த மண்ணில் எரிக்க ஏலாமல் போய்விட்டது.

இதில் பிழை இருக்கும். அன்றைக்கு ஐயா வந்தது சோழகம் வீசுகிற காலம்தான் என்று நினைக்கிறேன். வாடையாகவும் இருக்கலாம். நாரந்தனை ரீச்சர் உண்மையில் நாரந்தனையோ அதற்கு அடுத்த ஊரோ என்பதும் நிச்சயமில்லை. தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்திவிடுங்கள். அதெல்லாம் பெரிய விசயமில்லை.

ஒன்றை மட்டும் கட்டாயம் யாரிடமாவது விசாரிக்க வேண்டும். சின்னம்மா "நான் பால் கரைக்கிற ஆள்" என்று சொன்னபோது நான் அவவின் முகத்தைக் காணவில்லை. கதவை அடைத்த முதுகுகளைத்தான் கண்டேன். சிரித்துக்கொண்டு சொன்னா என்றுதான் இவ்வளவு காலமும் எல்லோருக்கும் சொல்லிவந்தேன், குரல் அப்படித்தான் இருந்தது. முகத்தைக் கண்டவர்களில் ஐயாவும் பெரியப்பாவும் எப்போதோ போய்விட்டார்கள், மிச்சம் விரலை நீட்டிக்கொண்டு உள்ளே போன பிள்ளைகள் மட்டும்தான். தம்பியை ஒருமுறை தொலைபேசியில் கேட்டேன். "எனக்கு அந்தக் கருகின பால்தான் அக்கா ஞாபகம்" என்றான். போன வருசம் கனடாவில் அவனும் செத்துப்போனான். மற்றப் பிள்ளைகளில் யாராவது எங்கேயாவது இருந்து இதை வாசித்தால், அன்றைக்கு அவவின் முகம் எப்படி இருந்தது என்று மகளிடம் சொல்லிவிடுங்கள். நான் எழுதியது பிழையென்றால் அந்த இடத்தை வெட்டிவிட்டுச் சரியாக எழுதச் சொல்லுங்கள்.